கோட்டைச் சிறையில் யார் இருந்தார்கள், யார் செலவில்?

லண்டன் டவர் கோட்டையில் அடைபட்ட முதல் கைதி என்று ஏடுகளில் இருப்பவர் ஒரு பிஷப். பெயர் ரனுல்ஃப் ஃபிளம்பார்ட், டர்ஹாம் நகரத்துப் பிஷப். இரண்டாம் வில்லியம் மன்னருக்குப் பணம் திரட்டிக் கொடுப்பதில் கெட்டிக்காரர். அதனாலேயே ஊர் முழுக்கப் பகை. 1100-ல் மன்னர் இறந்ததும், புதிதாகப் பட்டமேறிய முதலாம் ஹென்றி செய்த முதல் காரியங்களில் ஒன்று இவரைப் பிடித்து உள்ளே போட்டது. உள்ளே என்றால் எலி ஓடும் இருட்டுக் குழி அல்ல. டவரின் நடுவே நிற்கும் வெள்ளைக் கோபுரத்தின் மேல்தளத்து அறை. சாப்பாட்டுக்கு நாளுக்கு 2 ஷில்லிங், அதாவது 24 பென்னி. 1101 பிப்ரவரியில் நண்பர்கள் மது ஜாடிக்குள் கயிற்றைச் சுருட்டி வைத்து அனுப்பினார்கள். காவலர்களுக்கு அவர் விருந்து வைத்தார். அவர்கள் குடித்துவிட்டுக் குறட்டை விட்டதும் ஜன்னலின் நடுத்தூணில் கயிற்றைக் கட்டி இறங்கினார். கனத்த உடம்பு, கையுறை இல்லை, கயிறும் தரைவரை எட்டவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து, கடைசியில் பொத்தென்று விழுந்து, எப்படியோ குதிரையேறித் தப்பி நார்மண்டிக்குப் போய்விட்டார்.

கோட்டைச் சிறையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. கைதி எந்தத் தளத்தில் இருக்கிறார், என்ன சாப்பிடுகிறார், எப்படிக் காவல் காக்கப்படுகிறார் என்ற எல்லாவற்றையும் முடிவு செய்தது ஒரே கேள்வி: இவருக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? நிலவறை என்பது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாதவர்கள் போய்ச் சேர்ந்த இடம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இங்கிலாந்துக் கோட்டைகளைப் பற்றியது. ஆவணங்கள் அங்கேதான் அதிகம் மிஞ்சியிருக்கின்றன.

சிறை எதற்கு இருந்தது

இன்றைக்குச் சிறை என்றால் தண்டனை. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் அப்படி இல்லை. திருடனுக்குத் தூக்கு அல்லது அபராதம் அல்லது உறுப்பு வெட்டு; 'மூன்று ஆண்டு சிறை' என்ற தீர்ப்பு அபூர்வம். சிறை ஆளைப் பிடித்து வைக்கத்தான், தண்டிக்க அல்ல என்று ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியன் எழுதியதை இடைக்கால இங்கிலாந்தின் சட்ட நூல்களும் திருப்பிச் சொல்லின. வழக்கு வரும்வரை ஆள் ஓடிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

1166-ல் இரண்டாம் ஹென்றி கிளாரண்டனில் ஒரு கட்டளை பிறப்பித்தார். சிறை இல்லாத மாவட்டங்களில் எல்லாம் ஒன்று கட்ட வேண்டும். நகரத்திலோ அரசனின் கோட்டையிலோ கட்டலாம். செலவு அரசனுடையது, பக்கத்தில் அரசனின் காடு இருந்தால் மரமும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். மாவட்ட நிர்வாகியான ஷெரிஃபின் அலுவல் ஏற்கெனவே கோட்டையில்தான் நடந்தது. மதில் இருக்கிறது, வாயிற்காவலன் இருக்கிறான், புதிதாக ஒன்றும் யோசிக்க வேண்டாம். கோட்டையும் சிறையும் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இந்தச் சிக்கனம்தான்.

கட்டளையில் மரம் பற்றிய பேச்சு வருவதைக் கவனியுங்கள். அந்தக் காலத்து மாவட்டச் சிறைகள் பல, கோட்டை முற்றத்துக்குள் நின்ற மரக் கட்டடங்கள். பாறைக்கு அடியில் குடைந்த குகைகள் அல்ல. மரம் உளுத்துப் போகும்; கைதிகள் பலகையைப் பெயர்த்துவிட்டு ஓடுவார்கள்; ஷெரிஃப் மறுபடி செலவுக் கணக்கு எழுதுவார். சுவர் பலவீனமாக இருந்ததால்தான் இரும்பு விலங்குக்கு அவ்வளவு தேவை. விலங்கு முதலில் வதைக்கும் கருவி அல்ல, கல் சுவருக்கு மலிவான மாற்று.

உள்ளே இருந்தவர்கள் நான்கு வகை. முதல் வகை, விசாரணைக்குக் காத்திருப்பவர்கள். அரசனின் நீதிபதிகள் சுற்றுப்பயணமாக வந்து சிறையில் உள்ள எல்லா வழக்கையும் முடித்துச் சிறையைக் காலி செய்வார்கள். தெற்கு மாவட்டங்களில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை. வடகோடி மாவட்டங்களில் ஒருமுறை வந்தாலே அதிகம், ஏனென்றால் குளிர்காலப் பாதையில் யாரும் வரமாட்டார்கள். இதன் கணக்கு கொடுமையானது. ஆகஸ்ட்டில் நீதிபதிகள் கிளம்பிப் போன மறுவாரம் பிடிபட்டவர் அடுத்த கோடை வரை கிடக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவர்கள் (ஜூரி) பெரும்பாலானவர்களைக் குற்றமற்றவர் என்றே விடுவித்தார்கள். விடுதலையாக வேண்டியவர் விசாரணைக்கு முன்பே குளிரிலும் பசியிலும் செத்துப் போவது சாதாரணமாக நடந்தது.

இரண்டாம் வகை, கடனாளிகள். 1283, 1285 ஆண்டுகளின் சட்டங்கள், பதிவு செய்த கடனைத் திருப்பாத வணிகரைச் சிறையில் போட வழி செய்தன. கடன் தீரும்வரை உள்ளே. உள்ளே இருப்பவர் எப்படிச் சம்பாதித்துக் கடனைத் தீர்ப்பார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, உறவினர்கள் கொண்டுவந்து கட்டுவார்கள் என்பதுதான் எதிர்பார்ப்பு.

மூன்றாம் வகை, போரில் பிடிபட்ட பிரபுக்கள். இவர்கள் கைதிகள் என்பதைவிட முதலீடு. 1192 டிசம்பரில் வியன்னா அருகே ஆஸ்திரிய டியூக் லியோபோல்டிடம் சிக்கிய இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட், டூர்ன்ஷ்டைன் கோட்டையில் வைக்கப்பட்டார். பிறகு ஜெர்மானியப் பேரரசர் கைக்கு மாறினார். மீட்புத் தொகை 1,50,000 மார்க். ஒரு மார்க் என்பது 160 பென்னி. அதைத் திரட்ட இங்கிலாந்தில் வருமானத்திலும் அசையும் சொத்திலும் நான்கில் ஒரு பங்கு வரி விதித்தார்கள். 1194 பிப்ரவரியில்தான் அவர் வெளியே வந்தார். பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஜான் 1356-ல் புவாத்தியே போரில் பிடிபட்டபோது பேசி முடித்த தொகை 30 லட்சம் தங்க எக்கூ. இந்த மாதிரி ஆளைக் குழியில் போட்டுக் காய்ச்சலில் சாக விடுவது பைத்தியக்காரத்தனம். அவருக்கு நல்ல அறை, நல்ல சாப்பாடு, வேட்டைக்குப் போக அனுமதிகூட உண்டு.

நான்காம் வகைதான் அரசியல் கைதிகள், அதாவது விற்கவும் முடியாத, விடவும் முடியாத, கொல்லவும் தயங்குகிற ஆட்கள். மற்ற மூன்று வகைக்கும் ஒரு முடிவு தேதி உண்டு. இவர்களுக்குக் கிடையாது. பிரிட்டனி இளவரசி எலியனோர் 1202-ல் பிடிபட்டு 1241-ல் இறக்கும்வரை காவலிலேயே இருந்தார். அவர் செய்த குற்றம், ஜான் மன்னருக்குப் போட்டியாக அரியணையில் உரிமை உள்ள குடும்பத்தில் பிறந்தது. நல்ல உடை, பணிப்பெண்கள், மரியாதை எல்லாம் கிடைத்தன. வெளியே வரும் வழி மட்டும் இல்லை. அவரைச் சில காலம் வைத்திருந்த கார்ஃப் கோட்டைக்கே, அதே 1202 போரில் பிடிபட்ட 22 வீரர்களையும் ஜான் அனுப்பினார். அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கவில்லை. பட்டினியில் செத்தார்கள். ஒரே மதிலுக்குள் இரண்டும் நடந்தது.

ஜெயிலரின் வரவு செலவு

கோட்டைச் சிறை கிட்டத்தட்ட ஒரு லாட்ஜ் போல நடந்தது. தங்குபவர் கிளம்ப முடியாது என்பதுதான் வித்தியாசம். சிறைக்காவலருக்கு அரசு கொடுத்த சம்பளம் சொற்பம், பல இடங்களில் அதுவும் இல்லை. வேலையைக் காசு கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. போட்ட பணத்தைக் கைதிகளிடம்தான் எடுக்க வேண்டும். உள்ளே வர ஒரு கட்டணம், வெளியே போக ஒரு கட்டணம். படுக்கைக்கு, வைக்கோலுக்கு, விளக்குக்கு, விறகுக்குத் தனித்தனியாக. கனமான விலங்கைக் கழற்றி இலேசான விலங்கு மாட்டுவதற்கும் ஒரு தொகை உண்டு. அப்படியென்றால் புதிதாக வருபவருக்கு முதலில் எந்த விலங்கு மாட்டப்படும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. கைதி தப்பினால் ஷெரிஃபுக்கும் காவலருக்கும் அரசன் அபராதம் போடுவார். எனவே காவலர் கண்ணில் ஒவ்வொரு கைதியும் ஒரு கடன் சீட்டு. கட்டணம் கட்ட வக்கில்லாதவனால் வருமானம் இல்லை, தப்பினால் நஷ்டம் மட்டும் உண்டு. அவனைக் கூட்டமாக, விலங்கோடு, கதவு குறைந்த அறையில் தள்ளி வைப்பதுதான் காவலருக்கு லாபம். நிலவறையின் இருட்டுக்குப் பின்னால் இருந்தது இந்தக் கணக்கு.

சாப்பாடு? குடும்பம் கொண்டுவர வேண்டும். குடும்பம் இல்லாதவர்களுக்கு ஊர்க்காரர்கள் போடும் பிச்சை. பணக்காரர்கள் உயில் எழுதும்போது சிறைக்கைதிகளுக்கு ரொட்டி வாங்கச் சிறு தொகை ஒதுக்குவது புண்ணியமாகக் கருதப்பட்டது. பலரை உயிரோடு வைத்திருந்தது அந்த ரொட்டிதான். அரசன் செலவில் சாப்பிட்ட ஒரு சிறு கூட்டமும் உண்டு: குற்றத்தை ஒப்புக்கொண்டு கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்கும் அப்ரூவர்கள். அவர்களுக்கு நாளுக்கு 1 பென்னி. காலம் வேறாக இருந்தாலும் ஃபிளம்பார்ட்டின் 24 பென்னியை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சட்டமே பட்டினி போடச் சொன்ன ஓர் இடமும் உண்டு. நடுவர் விசாரணைக்குச் சம்மதிக்காமல் வாய் திறக்க மறுப்பவரைக் கடுஞ்சிறையில் வைக்க 1275 சட்டம் அனுமதித்தது. நடைமுறையில் அது ஒரு நாள் மட்டமான ரொட்டி, மறுநாள் தண்ணீர் என்று ஆனது. பின்னாளில் மார்பின் மேல் பாரம் ஏற்றுவதும் சேர்ந்தது. ஏன் சிலர் இதையும் தாங்கினார்கள் என்றால், தீர்ப்பு இல்லாமல் செத்தால் சொத்து பறிமுதலாகாது, பிள்ளைகளுக்குப் போகும். 1772-ல்தான் இந்த முறை ஒழிந்தது.

கோட்டையில் எந்த இடம்

பெரிய மனிதர் மாடியில் இருந்தார். பாதுகாப்புக் காரணமும் அதற்கு உண்டு. வெள்ளைக் கோபுரம் சுமார் 27 மீட்டர் உயரம், அடிச்சுவர் 4.5 மீட்டர் வரை தடிமன். கட்டடத்துக்கே நுழைவாயில் தரையில் இல்லை, முதல் மாடியில் இருந்தது. மேலே இருப்பவர் வெளியேற வேண்டுமானால் ஒவ்வொரு தளமாகக் காவலைக் கடக்க வேண்டும், அல்லது குதிக்க வேண்டும். 1244 மார்ச் 1 அன்று வேல்ஸ் இளவரசர் க்ரிஃபித் அப் லுவெலின் துணிகளை முடிச்சுப் போட்டுத் தொங்கினார். அவரும் பருத்த உடம்புக்காரர். துணி அறுந்து கழுத்து முறிந்து செத்தார்.

நடுத்தரக் கைதிகளுக்கு வாயில் கோபுரம். வாயிற்காவலன் எப்படியும் அங்கே ராப்பகலாக இருக்கிறான், தனியாக ஆள் போட வேண்டாம். சிறை அறை கோட்டையின் நடுவில் ஆழத்தில் இருக்கும் என்று நினைத்துத் தேடுபவர்கள் இதனால்தான் ஏமாறுவார்கள். வாசலைத் தாண்டும்போதே அதைக் கடந்து வந்திருப்பார்கள்.

குழி வகை அறைகளும் இருந்தன, இல்லாமல் இல்லை. வடக்கு வேல்ஸில் முதலாம் எட்வர்ட் 1283 முதல் 1287 வரை கட்டிய கான்வி கோட்டையில் சிறைக் கோபுரம் என்றே ஒன்று இருக்கிறது. அதன் அறைத் தரைக்குக் கீழே, வெளிப்பார்வைக்குத் தெரியாத ஆழமான இன்னொரு அறை. மேலிருந்து தரைக்கதவு வழியாக மட்டுமே இறங்க முடியும். 16ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் அதற்குக் 'கடனாளி அறை' என்று பெயர். கொலைகாரனுக்கு என்று நினைத்திருப்போம்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோட்டையில் கடலோரக் கோபுரத்துக்கு அடியில் இருப்பது இன்னும் கடுமையானது. பாறையைச் செங்குத்தாகக் குடைந்த குழி. சுமார் 7 மீட்டர் ஆழம். மேலே குறுகிய கழுத்து, கீழே போகப் போக அகலம், குப்பியின் வடிவம். சுவர் உள்நோக்கிச் சாய்வதால் ஏறுவதற்குப் பிடி கிடையாது. 1546 மே மாதம் அந்தக் கோட்டையிலேயே கொல்லப்பட்ட கார்டினல் டேவிட் பீட்டனின் உடலை, கொன்றவர்கள் உப்பிட்டு அந்தக் கோபுரத்தின் அடியில்தான் போட்டு வைத்தார்கள். இது பிஷப்புகளின் கோட்டை என்பது முக்கியம். திருச்சபை நீதிமன்றம் இரத்தம் சிந்தும் தண்டனை கொடுக்கக் கூடாது. எனவே அரசன் தூக்கில் போடுகிற குற்றத்துக்குத் திருச்சபை நீண்ட காலச் சிறையைத் தண்டனையாகவே கொடுத்தது. நாம் இன்று அறிந்த சிறைத் தண்டனையின் வேர் அரசனின் கோட்டையில் இருப்பதைவிட அங்கேதான் அதிகம்.

குழியின் லாபம் என்ன? கதவு இல்லை, ஆகவே உடைக்கக் கதவு இல்லை. ஏணியை மேலே இழுத்துவிட்டால் ஒரே காவலன் போதும். நஷ்டம் மற்ற எல்லாவற்றிலும். உணவைக் கயிற்றில் இறக்க வேண்டும், மலத்தொட்டியைக் கயிற்றில் ஏற்ற வேண்டும்; காவலருக்குச் சோம்பல் வந்தால் அது நிற்கும். காற்று ஓட்டத்துக்குக் கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு வேண்டும். குழிக்கு மேலே மட்டும்தான் இருக்கிறது. பாறைக் கசிவு எங்கும் வடியாது. வைக்கோல் இரண்டு நாளில் நனைந்து அழுகத் தொடங்கும். நீண்ட காலம் ஒருவரை உயிரோடு வைத்திருக்க இது லாயக்கில்லை. அதனால் இத்தகைய அறைகளில் ஆளைப் போட்டது பெரும்பாலும் சில நாளுக்கு, அல்லது அவர் செத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை என்கிற நிலையில்.

இரண்டுக்கும் நடுவில் ஒருவர் அனுபவம், சுவிட்சர்லாந்தின் சியோன் கோட்டையில். ஜெனீவாவின் செயின்ட் விக்டர் மடத்துத் தலைவர் ஃபிரான்சுவா போனிவார், சவாய் டியூக்கை எதிர்த்ததால் 1530-ல் அங்கே அடைக்கப்பட்டார். முதல் இரண்டு ஆண்டு மேலே, வசதியான அறையில். பிறகு கீழ்த்தளத்துக்கு மாற்றித் தூணில் சங்கிலியிட்டார்கள். 1536-ல் பெர்ன் நகரப் படை கோட்டையைப் பிடித்தபோதுதான் விடுதலை. அதே மனிதர், அதே கோட்டை, அதே குற்றம். தளம் மட்டும் மாறியது. அந்தக் கீழ்த்தளம் விலா எலும்பு போன்ற வளைவுகளோடு தேவாலயம் மாதிரி அழகாக இருப்பது பார்க்கப் போகிறவர்களைக் குழப்பும். அதைச் சிறையாகக் கட்டவில்லை. ஏரிக்கரைப் பாறைமேல் மாளிகையைத் தாங்கக் கட்டிய அடித்தளம், சரக்கு வைக்கும் இடம். 1816-ல் கவிஞர் பைரன் இதைப் பாடியபோது போனிவாரோடு சங்கிலியில் கிடந்ததாகத் தம்பிகளையும் சேர்த்துக்கொண்டார். வரலாற்றில் அந்தத் தம்பிகள் இல்லை.

பார்த்ததும் எப்படி அடையாளம் காண்பது

கோட்டைக்குப் போனால் ஏதோ ஒரு இருட்டுக் குழியைக் காட்டி 'பாதாளச் சிறை' என்று பலகை வைத்திருப்பார்கள். முதலில் கதவைப் பாருங்கள். சாதாரண அறைக் கதவுக்குக் கணையமரம் உள்ளிருந்து போடப்படும். நிலைக்குப் பக்கச் சுவரில், அறையின் உட்புறமாக, மரம் நுழையும் சதுரத் துளை இருக்கும். உள்ளே இருப்பவர் தன்னைப் பாதுகாத்துக்கொள்வது அதன் நோக்கம். அந்தத் துளையோ தாழ்ப்பாள் பதிந்த குழியோ வெளிப்புறமாக இருந்தால், வெளியே இருப்பவர்கள் உள்ளே இருப்பவருக்கு எதிராகப் பூட்டியிருக்கிறார்கள். பல நேரம் கதவே போயிருக்கும், மரம் மக்கியிருக்கும். ஆனால் கல்லில் குடைந்த துளை எங்கும் போகாது. விரலை விட்டுப் பார்த்தாலே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

அடுத்து வெளிச்சம். அம்பு எய்யும் பிளவுக்கு வீரன் நின்று குனிய இடம் வேண்டும், எனவே அதன் அடி தரையருகில் தொடங்கும். சிறை அறைத் திறப்பு தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில், அடிப்பகுதி சரிவாக இருக்கும். கைவைத்து ஏற முடியாது. கம்பி பதித்த குழிகள் அதில் தெரியலாம்.

மூன்றாவது, பலர் எதிர்பார்க்காதது: கழிப்பறை. சுவர் மூலையில் ஒரு சிறு மாடமும் அதிலிருந்து அகழிக்கு இறங்கும் குழாயும் இருந்தால், அங்கே மனிதர்கள் நாள்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். கணப்பு இல்லாத, சாளரம் எட்டாத, வெளியே தாழ்போட்ட அறையில் கழிப்பறை இருக்கிறதென்றால் அது சிறையேதான்.

இவை எதுவும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். உட்சுவரில் வழவழப்பான சுண்ணாம்புச் சாந்து பூசி, மூலைகளை உருட்டி, மேலே வழிந்தோடத் துளை வைத்திருந்தால் அது மழைநீர்த் தொட்டி. மேல்தளங்களிலிருந்து சரிவுக் குழாய்கள் வந்து சேர, அடியில் ஆள் ஊர்ந்து நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு இருந்தால் அது மலக்குழி. திறப்பு, வாரிச் சுத்தம் செய்ய. அகலமான வாசலும் பீப்பாய் உருட்டும் சரிவும், சமையலறைக்குப் பக்கமும் என்றால் மதுக் கிடங்கு. பிரான்சில் நூற்றுக்கணக்கான கோட்டைகளில், ஆளைத் தள்ளிவிட்டு மறந்துபோகும் 'ஊப்லியெத்' என்று காட்டப்பட்ட குழிகளை 19ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுயுக் ஆராய்ந்தார். அப்படிக் கருத இடமுள்ளவை என்று அவர் ஏற்றுக்கொண்டது மூன்று கட்டடங்களில் மட்டுமே. கழிவுக்குழியில் எலும்பு கிடந்தால் உடனே மனித எலும்பு என்று முடிவு கட்டியவர்கள், சமையலறை எச்சமும் அங்கேதான் போகும் என்பதை யோசிக்கவில்லை.

சுவரில் கீறிய பெயர்களும் உதவும், கவனமாகப் படித்தால். லண்டன் டவரின் போஷம்ப் கோபுரத்தில் அரண்டெல் பிரபு ஃபிலிப் ஹவர்டு 1587-ல் செதுக்கிய லத்தீன் வரிகள் இன்றும் தெளிவாக இருக்கின்றன. அவை இருக்கும் இடம் கணப்புக்கு மேலே உள்ள கல். கணப்பு வைத்த அறையில்தான் இருந்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதே கோபுரத்தில் டட்லி சகோதரர்கள் விட்டுச்சென்ற குலச்சின்னம், சுற்றிலும் பூவேலைப்பாட்டோடு, கைதேர்ந்த சிற்பியின் வேலை போல இருக்கிறது. வெளிச்சமும் உளியும் நேரமும் உள்ளவரால்தான் அதைச் செய்ய முடியும். குழியில் கிடந்தவர்களிடமிருந்து இப்படி எதுவும் வரவில்லை.

சித்திரவதைக் கூடம்?

இங்கிலாந்தில் பொதுச் சட்டம் சித்திரவதையை ஏற்கவில்லை. அரசனின் அல்லது அவரது ஆலோசனைக் குழுவின் தனி ஆணை வேண்டும். அப்படிப்பட்ட ஆணைகள் குவிந்தது 16ஆம் நூற்றாண்டிலும் அதையொட்டியும், அதாவது இடைக்காலம் முடிந்த பிறகு. மாவட்டக் கோட்டைச் சிறையில் உடலை இழுத்து வதைக்கும் மரச்சட்டகம் கிடந்தது என்பதெல்லாம் பிற்காலக் கற்பனை. ஐரோப்பியக் கண்டத்தில் ரோமானியச் சட்டம் வழங்கிய நாடுகளில் நிலைமை வேறு, அங்கே விசாரணைச் சித்திரவதை சட்டத்தின் பகுதியாகவே இருந்தது. ஆனால் அங்கேயும் 'இரும்புக் கன்னி' என்ற ஆணிப் பெட்டி இடைக்காலத்தில் இருந்ததில்லை. 1793-ல் சீபன்கீஸ் என்ற ஜெர்மானிய எழுத்தாளர் கிளப்பிய கதை அது. பெட்டிகள் அதற்குப் பிறகுதான் செய்யப்பட்டன. அருங்காட்சியகங்களில் டிக்கெட் விற்கப் போதுமானதாக இருந்தது.

உண்மையில் கொன்றது எது

பேன். குளிருக்காக உடையைக் கழற்றாமல், நெருக்கியடித்து, துவைக்காமல் மாதக்கணக்கில் இருக்கும் கூட்டத்தில் உடைப்பேன் பெருகும். அதன் எச்சம் சொறிந்த தோல் வழியாக இரத்தத்தில் கலந்தால் டைஃபஸ் காய்ச்சல். இங்கிலாந்தில் இதற்குப் பெயரே 'சிறைக் காய்ச்சல்'. கைதிகளை விசாரணைக்குக் கூட்டிவரும்போது பேனும் கூட வரும். 1577 ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டு கோட்டையில் ரோலண்ட் ஜெங்க்ஸ் என்ற கத்தோலிக்கப் புத்தகக் கட்டுநரின் வழக்கு நடந்தது. அடுத்த சில வாரங்களில் தலைமை நீதிபதி ராபர்ட் பெல், ஷெரிஃப், நடுவர்கள் உட்பட சுமார் 300 பேர் இறந்தார்கள். ஜெங்க்ஸ் சபித்துவிட்டான் என்றது ஊர். சிறைக் காய்ச்சல்தான் என்பது பின்னால் வந்தவர்கள் பலரின் கணிப்பு. நாற்றமே நோய் என்று நம்பியதால், பிற்காலத்தில் நீதிபதிகள் வாசனைப் பூச்செண்டோடு வந்தார்கள். பேனுக்குப் பூச்செண்டு தடையில்லை.

தப்பித்தவர்களும் சுவரைக் குடைந்து மட்டும் தப்பவில்லை, ஆட்களை வளைத்தே தப்பினார்கள். 1323 ஆகஸ்ட் 1 இரவு லண்டன் டவரில் திருநாள் விருந்து. ரோஜர் மார்ட்டிமர் என்ற பிரபுவின் பக்கம் சாய்ந்திருந்த துணை அதிகாரி காவலர்களின் மதுவில் மயக்க மருந்து கலந்தார். மார்ட்டிமர் சமையலறை வழியாக வெளியேறிக் கயிற்று ஏணியில் இறங்கி, படகேறி, பிரான்சுக்குப் போனார். மூன்று ஆண்டு கழித்துப் படையோடு வந்து மன்னரையே இறக்கினார்.

கோட்டை போனது, சிறை போகவில்லை

பீரங்கி வந்த பிறகு கோட்டைக்கு ராணுவ மதிப்பு போயிற்று. கூரை ஒழுகியது, பிரபுக்கள் மாளிகை கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். சிறை மட்டும் நின்றது, வேறு எங்கே வைப்பது என்று தெரியாததால். நார்விச் கோட்டை 1887 வரை, ஆக்ஸ்ஃபோர்டு கோட்டை 1996 வரை சிறை. ஆக்ஸ்ஃபோர்டில் அந்த அறைகள் இப்போது ஹோட்டல்.

நீண்ட ஓட்டம் லங்காஸ்டர் கோட்டையுடையது. 1196-லேயே அங்கே கைதிகள் இருந்ததற்குப் பதிவு உண்டு. 1612-ல் சூனியக் குற்றம் சாட்டப்பட்ட பெண்டில் பகுதியினரைக் கிணற்றுக் கோபுரத்தின் அடியில் வைத்திருந்தார்கள் என்று சொல்வார்கள். அவர்களில் எண்பது வயதான, கண் தெரியாத எலிசபெத் சதர்ன்ஸ் விசாரணைக்கு முன்பே உள்ளேயே இறந்தார். ஆகஸ்ட்டில் பத்துப் பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

கட்டண முறை 18ஆம் நூற்றாண்டு வரை அசையவில்லை. குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தும், ஜெயிலருக்குக் கட்ட வேண்டிய பாக்கிக்காக மறுபடி உள்ளே இழுத்துச் செல்லப்பட்டவர்களை பெட்ஃபோர்டு மாவட்ட ஷெரிஃபாக இருந்த ஜான் ஹவர்டு பார்த்தார். ஜெயிலருக்குச் சம்பளம் கொடுங்கள் என்றார். மாவட்ட நீதிபதிகள், வேறு எங்காவது அப்படி நடக்கிறதா என்று முன்னுதாரணம் கேட்டார்கள். அதைத் தேடிப் பக்கத்து மாவட்டங்களுக்குப் போனவர் நாடு முழுக்க இதே கதையைக் கண்டார். 1774-ல் இரண்டு சட்டங்கள் வந்தன: விடுதலையானவரிடம் கட்டணம் கேட்கக் கூடாது, சுவருக்கு ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்து, அறையைக் கழுவி, காற்றோட்டம் வைக்க வேண்டும். கட்டணம் மொத்தமாக ஒழிய 1815 ஆயிற்று.

அதன் பிறகும் லங்காஸ்டரில் காசுள்ள கடனாளிகள் நல்ல அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, சொந்தச் செலவில் சாப்பிட்டு வசதியாக இருந்தார்கள். ஜெயிலர் பெயரைச் சேர்த்து 'ஹான்ஸ்பிரோ ஹோட்டல்' என்றே ஊரார் கேலி செய்தார்கள். 1869 சட்டம் கடனுக்காகச் சிறை வைப்பதைப் பெருமளவு நிறுத்தியது. குற்றக் கைதிகள், நடுவில் சில பத்தாண்டுகள் விட்டு, 2011 வரை அங்கே இருந்தார்கள். கோட்டை இப்போதும் பிரிட்டன் அரசரின் எஸ்டேட்டான லங்காஸ்டர் டச்சியின் சொத்து. உள்ளே நீதிமன்றம் நடக்கிறது.